காட்டுப்பள்ளியின் காற்றை நுங்கம்பாக்கத்தில் அளக்க முடியாது

வீட்டில் வானிலைக் கருவி வைத்து, மழை இவ்வளவு, வெப்பம் இவ்வளவு, காற்று இந்தப் பக்கம் என்று நாள்தோறும் எழுதிவருகிறவர்களைப் பற்றி நம்மிடையே தீர்ப்பு எப்போதோ எழுதியாகிவிட்டது. படித்தவர்கள் அதை நயமாகச் சொல்வார்கள்: "நல்ல பொழுதுபோக்குதான், ஆனால் அறிவியல் ஆகாது." அலுவலகத்தில் இருப்பவர்கள் கறாராகச் சொல்வார்கள்: "அங்கீகரிக்கப்படாத தரவு." தெருவில் பேச்சு இன்னும் வெளிப்படை: "அண்ணே, மழை வருமா வராதான்னு போன்லயே காட்டுது. நீங்க எதுக்கு மாடியில டப்பா வெச்சு அளந்துட்டு இருக்கீங்க?"

மூன்று பேச்சுக்கும் அடியில் கிடக்கும் நம்பிக்கை ஒன்றே. வானிலை என்பது அரசு அளந்து, செயற்கைக்கோள் பார்த்து, செல்பேசி வழியாக நம் கைக்கு வந்து சேரும் சரக்கு. வாங்கிக்கொள்வது மட்டுமே நம் வேலை. அளப்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இந்த நம்பிக்கை எங்குமே சரியில்லை. காட்டுப்பள்ளி போன்ற ஓர் இடத்தில் அது ஆபத்தும்கூட என்பது என் கட்சி.

முதலில் இடத்தைப் பார்ப்போம். கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். வடக்கே பழவேற்காடு ஏரி. தெற்கே கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரம். தண்ணீருக்கு நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டு என்றால் பெரிய பிழையில்லை. அந்தத் திட்டிலும் அதை ஒட்டியும் காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், கப்பல் கட்டும் தளம், 2010 முதல் நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தருவதற்காக அமைந்த கடல்நீர் ஆலை, வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம். உள்ளே தள்ளிப் போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட். இவற்றின் இடுக்குகளில் மீனவர் குப்பங்கள், கழியில் இறால் பிடிப்பவர்கள், வெளிமாநிலங்களிலிருந்து வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

இத்தனை பேருக்கும் வானிலை எங்கிருந்து வருகிறது? தொலைக்காட்சியில் 'சென்னை' என்றால் நுங்கம்பாக்கமும் மீனம்பாக்கமும். காட்டுப்பள்ளியிலிருந்து நேர்கோட்டில் முன்னது ஏறத்தாழ 30 கி.மீ., பின்னது 40 கி.மீ. எச்சரிக்கை என்று வந்தால் 'திருவள்ளூர் மாவட்டம்' முழுவதற்கும் ஒரே நிறம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என ஏதோ ஒன்று. அதே மாவட்டத்தில்தான் மேற்கே 80 கி.மீ. தள்ளி, பாறையும் குன்றுமாகத் திருத்தணி இருக்கிறது. கோடையில் மாநிலத்திலேயே அதிகம் காய்கிற ஊர்களில் அது ஒன்று. திருத்தணிக்கும் காட்டுப்பள்ளிக்கும் பொதுவானது மாவட்ட ஆட்சியர் அலுவலகம், வானம் அல்ல.

இந்த வேறுபாடு உடம்பில் எப்படி உறைக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மே மாத நடுப்பகல். திருத்தணியில் 42 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 20 விழுக்காடு. கடலோரத்தில் 34 டிகிரி, ஈரப்பதம் 70 விழுக்காடு. செய்தியில் திருத்தணிதான் வரும்; 34 டிகிரியை யாரும் செய்தியாக்க மாட்டார்கள். ஆனால் வெப்பமானியின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி அளந்தால் திருத்தணியில் 24 டிகிரியும் கடலோரத்தில் 29 டிகிரியும் காட்டும். வியர்வை ஆவியாகி உடம்பு எவ்வளவு குளிர முடியும் என்பதற்கு இந்த ஈரக்குமிழ் அளவுதான் எல்லை. அது ஏற ஏற, வியர்வை வழியுமே தவிர உடம்பு ஆறாது. இரும்புத் தட்டின்மேல் நின்று வெல்டிங் வைக்கும் ஆளுக்குத் திருத்தணியின் 42-ஐவிடக் காட்டுப்பள்ளியின் 34 கொடுமையாக இருக்கலாம். மாவட்டத்துக்கு ஒரு நிறம் பூசுகிற எச்சரிக்கையில் இது தெரியாது. அந்த இடத்தில் தொங்கும் சாதாரண ஈரப்பதமானியில் தெரியும்.

"போன்தான் இருக்கிறதே" என்கிற வாதத்துக்கு வருகிறேன். போனில் காட்டுப்பள்ளி என்று தட்டினால் '31 டிகிரி, மழை இல்லை' என்று வரும். பெரும்பாலும் அது அங்கே யாரும் அளந்த எண் அல்ல. கணினியில் ஓடும் வானிலை மாதிரி பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மதிப்பைக் கணக்கிடுகிறது. உலகின் மிகச் சிறந்த மாதிரிகளில் ஒன்றான ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரியில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 9 கி.மீ.; அமெரிக்க மாதிரியில் 13 கி.மீ. காட்டுப்பள்ளியில் அப்படி ஒரு கட்டத்தை வைத்தால் கடல், துறைமுகம், கால்வாய், சாம்பல் குட்டை, அத்திப்பட்டு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். கடற்காற்று கரையேறி உள்ளே நகரும் எல்லைக்கோடு அந்தக் கட்டத்துக்குள்ளேயேதான் ஓடுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வெப்பம், அந்தப் பக்கம் வேறொன்று. போன் இரண்டையும் கூட்டிச் சராசரி சொல்கிறது.

ரேடார் இருக்கிறதே என்பார்கள். சென்னைத் துறைமுகத்தில் இருக்கிறது, ஸ்ரீஹரிகோட்டாவில் இருக்கிறது. இரண்டும் அருமையான கருவிகள். ஆனால் ரேடார் பார்ப்பது தரையில் விழுந்த மழையை அல்ல. மேலே தொங்கும் துளிகளிலிருந்து திரும்பிவரும் எதிரொலியை. அதை மில்லிமீட்டராக மாற்ற ஒரு சூத்திரம் வேண்டும். சூத்திரம் சரிதானா என்று சோதிக்கத் தரையில் மழைமானி வேண்டும். உச்சியில் இருக்கும் விலையுயர்ந்த கருவி கடைசியில் தரையில் இருக்கும் டப்பாவிடம்தான் சாட்சி கேட்கிறது.

மழை ஊருக்கு ஊர் எவ்வளவு மாறும் என்பதைச் சென்னை மறந்திருக்க முடியாது. 2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47, நுங்கம்பாக்கத்தில் 29. வடக்கே வந்தால் 2024 அக்டோபர் 16 காலைக் கணக்கில் சோழவரத்தில் 30 செ.மீ., செங்குன்றத்தில் 28, கத்திவாக்கத்தில் 23. ஒரே மழை, ஒரே இரவு, பக்கத்துப் பக்கத்து ஊர்கள். 30 செ.மீ. மழை ஒரு சதுர கிலோமீட்டரில் பெய்தால் 30 கோடி லிட்டர் தண்ணீர். 23 என்றால் அதில் 7 கோடி லிட்டர் குறைவு. இந்த வித்தியாசம்தான் ஒரு தெருவில் முழங்கால் அளவாகவும் அடுத்த தெருவில் வாசற்படியோடும் நிற்கிறது. காட்டுப்பள்ளிக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. பூண்டியில் திறந்துவிடும் உபரி நீர் கொசஸ்தலையாறு வழியாக இங்கேதான் கடலுக்கு வருகிறது. அந்த நேரத்தில் கடல் ஏற்றத்தில் இருந்து, வாடைக் காற்று அலையை முகத்துவாரத்தில் தள்ளிக்கொண்டிருந்தால் ஆற்றுக்குப் போக வழியில்லை. உள்ளூர் மழை, அணை நீர், கடலேற்றம், காற்று ஆகிய நான்கும் சேரும் நாள்தான் வெள்ள நாள். முதலும் கடைசியும் உள்ளூரில் அளக்க வேண்டியவை.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதம். "வீட்டுக் கருவி தரமற்றது. மொட்டை மாடியில் வைக்கிறார்கள். தளம் சூடாகி வெப்பத்தைக் கூட்டிக் காட்டும். கைப்பிடிச் சுவரில் காற்று மோதி மழைத்துளியை மானிக்கு வெளியே தள்ளும். அப்படி அளந்த எண்ணை எப்படி நம்புவது?"

குறைகள் உண்மை. இன்னும் சிலவற்றை நானே சேர்க்கிறேன். கடையில் கிடைக்கும் வீட்டு வானிலைக் கருவிகள் பலவற்றில் மழையை அளப்பது ஏற்றக்கட்டை மாதிரி ஆடும் ஒரு சின்ன வாளி. ஒரு பக்கம் நிறைந்தால் கவிழ்ந்து, மறு பக்கம் புனலுக்கு அடியில் வரும். ஒரு கவிழ்ப்புக்கு 0.2 மி.மீ. என்று கணக்கு. மழை கொட்டோ கொட்டென்று கொட்டும்போது வாளி கவிழ்கிற அந்த நொடியில் விழும் நீர் கணக்கில் சேராது. அடைமழையில் கருவி குறைத்துத்தான் சொல்லும். காட்டுப்பள்ளிப் பக்கம் என்றால் வேறு தொல்லைகளும் உண்டு. நிலக்கரித் தூசும் சாம்பலும் கடற்கரை மணலும் புனலில் படிந்து, முதல் மழையில் குழம்பாகி, துளையை அடைத்துக்கொள்ளும். வெளியே கொட்டிக்கொண்டிருக்கும், திரையில் 0.0 என்று நிற்கும். உப்புக் காற்றில் திருகுகள் முதலில் துருவேறும். பிறகு காற்றுமானியின் கிண்ணங்கள் சுழலும் அச்சு இறுகி, மெல்லிய காற்றைக் காற்றே இல்லை என்று சொல்ல ஆரம்பிக்கும். வாளிக்கு அடியில் எறும்பு முட்டையிடும்.

ஆனால் இந்தக் குறைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு: காரணம் தெரியும், எந்தப் பக்கம் சாயும் என்பதும் தெரியும். மாடித் தளத்து வெப்பமானி வெயிலில் கூட்டித்தான் காட்டும். ஒருநாள் கூட்டி ஒருநாள் குறைத்து ஏமாற்றாது. வாளி மழைமானி அடைமழையில் குறைத்துத்தான் காட்டும். பக்கத்தில் சாதாரண அளவுக் குழாய் ஒன்றை, வாய் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்கும்படி, சுற்றிலும் மரமோ சுவரோ மறைக்காத இடத்தில் நட்டு, தினமும் காலை 8.30 மணிக்கு இரண்டையும் ஒப்பிட்டு எழுதினால் வாளி எவ்வளவு பொய் சொல்கிறது என்பது ஒரே பருவத்தில் பிடிபட்டுவிடும். வாயும் உடலும் ஒரே அகலமுள்ள உருளையாக இருந்தால் எந்தக் குழாயும் மழைமானிதான். உள்ளே நிற்கும் நீரின் உயரமே மழையின் அளவு. இதற்கு மின்சாரம் வேண்டாம், இணையம் வேண்டாம்.

இன்னொன்றை எதிர்த்தரப்பு கவனிப்பதே இல்லை. காற்றழுத்தமானிக்கு மாடியும் சுவரும் மரமும் ஒரு பொருட்டே அல்ல. அதை அடுப்படி அலமாரியில் வைத்தாலும் சரியாகவே காட்டும். கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒருமுறை திருத்தினால் போதும். 8 மீட்டர் உயர்ந்தால் ஏறத்தாழ ஒரு மில்லிபார் குறையும், அவ்வளவுதான் கணக்கு. நம்மைப் போன்ற வெப்பமண்டலக் கடற்கரையில் அழுத்தம் நாளுக்கு இரண்டு முறை மூச்சு வாங்கும். காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் உச்சம். அதிகாலை 4 மணிக்கும் மாலை 4 மணிக்கும் தாழ்வு. ஏற்ற இறக்கம் 3, 4 மில்லிபார். மாதக்கணக்கில் இதை எழுதிவந்தவருக்கு, ஏற வேண்டிய நேரத்தில் ஏறாமல் அழுத்தம் இறங்கிக்கொண்டே போனால், கடலில் என்ன வந்துகொண்டிருக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் மட்டும் பார்த்தவருக்கு அந்த எண்ணில் ஒன்றும் தெரியாது. மதிப்பு கருவியின் விலையில் இல்லை, விடாமல் எழுதுவதில் இருக்கிறது.

அங்கீகாரம் என்ற சொல்லை வைத்து மிரட்டுகிறவர்கள் சென்னை வானிலைப் பதிவின் பிறப்பைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். நுங்கம்பாக்கம் வானாய்வகம் 1792-இல் எழுந்தது. அதற்கு விதை, 1786-இல் வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எழும்பூரில் தன் வீட்டில் சொந்தக் காசில் வைத்துக்கொண்ட வானாய்வகம். அவர் கொடுத்த கருவிகளோடுதான் அரசு நிலையம் தொடங்கியது. 1796-இல் கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் அங்கே வானிலைப் பதிவைத் தொடங்கினார். 1813 முதல் மழைக் கணக்கு இருக்கிறது. இந்திய வானிலைத் துறையே பிறந்தது 1875-இல்தான். இன்று தரத்துக்கு அடையாளமாகக் காட்டப்படும் நிலையத்தின் முன்னோர் ஒரு வீட்டு ஆர்வலர்.

அதற்கும் முன்னால் வில்லியம் ராக்ஸ்பர்க் என்ற மருத்துவர் 1770-களில் புனித ஜார்ஜ் கோட்டையில் வானிலை நாட்குறிப்பு எழுதினார். லண்டன் ராயல் சொசைட்டி அதை அச்சிட்டது. பின்னர் ஆந்திரக் கடற்கரைப் பக்கம் சாமல்கோட்டில் இருந்தபோதும் அவர் மழையை அளப்பதை விடவில்லை. 1789 முதல் அடுத்தடுத்த ஆண்டுகளில் பருவமழை பொய்த்தது அந்தக் கணக்கில் பதிவானது. இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், 1998-இல், ரிச்சர்ட் குரோவ் என்ற வரலாற்றாய்வாளர் அந்தப் பதிவையும் சான்றாகக் கொண்டு 1789–93 ஆண்டுகளின் எல் நீனோவைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார். ராக்ஸ்பர்க் மழை அளந்தபோது எல் நீனோ என்றால் என்னவென்று அறிவியலுலகில் யாருக்கும் தெரியாது. எதற்குப் பயன்படும் என்று தெரிந்த பிறகு அளக்கலாம் என்று அவர் காத்திருந்தால் அந்தச் சான்று இருந்திருக்காது.

பிரிட்டனில் ஜார்ஜ் சைமன்ஸ் 1860-இல் 168 இடங்களின் மழைக் கணக்கோடு தன் அறிக்கையைத் தொடங்கினார். அளந்தவர்கள் பாதிரியார்கள், மருத்துவர்கள், பண்ணைக்காரர்கள். 1900-இல் அவர் மறைந்தபோது எண்ணிக்கை 3000-ஐத் தாண்டியிருந்தது. நம் வானிலைத் துறை நெடுங்காலம் பயன்படுத்திவரும் சாதாரண மழைமானிக்கு அவர் பெயர்தான். தொண்டர் படையைத் திரட்டியவரின் பெயர் தாங்கிய கருவியைக் கையில் வைத்துக்கொண்டே தொண்டர்கள் அளந்தது செல்லாது என்கிறோம்.

பழங்கதை வேண்டாம் என்றால் இன்றைக்கு வருவோம். அமெரிக்காவின் கொலராடோவில் ஃபோர்ட் காலின்ஸ் என்ற ஊரில் 1997 ஜூலை 28-இல் வெள்ளம் வந்தது. ஊரின் மேற்கே 35 செ.மீ.க்கு மேல் மழை. சில கிலோமீட்டர் தள்ளிக் கிழக்கே 5 செ.மீ.கூட இல்லை. அதிகாரபூர்வ நிலையங்களின் வலையில் அந்த மழை சரியாகச் சிக்கவில்லை. அடுத்த ஆண்டே பொதுமக்கள் கையில் 4 அங்குல பிளாஸ்டிக் மழைக் குழாயைக் கொடுத்து ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். இன்று அது அமெரிக்கா முழுவதும் பரவியிருக்கிறது, அந்நாட்டு வானிலைத் துறை அதன் கணக்கை எடுத்துக்கொள்கிறது. நார்வேயின் அரசு வானிலை நிறுவனம் 2018 முதல் வீட்டுக் கருவிகளின் வெப்ப அளவுகளைத் தன் அன்றாட முன்னறிவிப்பில் சேர்க்கிறது. ஒவ்வொரு கருவியும் நம்பகமானது என்பதால் அல்ல. பக்கத்துக் கருவிகளோடு ஒப்பிட்டுத் தவறானதை வடிகட்டும் முறை அவர்களிடம் இருப்பதால். பக்கத்து மாநிலமான கேரளத்தில், கல்பற்றாவின் ஹியூம் சூழலியல் மையம் வயநாடு முழுக்கத் தான் பரப்பிவைத்த மழைமானிகளின் கணக்கைக் கொண்டு, 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கை நிலச்சரிவுக்கு முந்தின நாள் காலையிலேயே எச்சரித்தது. அதே 2024-இல் சொமேட்டோ என்ற உணவு விநியோக நிறுவனம் நம் நாட்டு நகரங்களில் 600-க்கும் மேற்பட்ட வானிலைக் கருவிகளைச் சொந்தமாக நிறுவிக்கொண்டது. பிரியாணி நேரத்துக்குப் போய்ச் சேர உள்ளூர் மழைக் கணக்கு தேவைப்படுகிறது என்றால், வெள்ளத்திலிருந்து மனிதர் தப்பிக்க அது தேவைப்படாதா?

"இப்போதுதான் அரசே வைத்துவிட்டதே" என்று அடுத்த வாதம் வரும். உண்மை, பாராட்டத்தக்கது. தமிழ்நாடு அரசு 1,400 தானியங்கி மழைமானிகளையும் 100 தானியங்கி வானிலை நிலையங்களையும் அமைக்கும் பணியை மேற்கொண்டது. எண்ணூர்ப் பக்கம் வானிலைத் துறையின் தானியங்கி நிலையம் உண்டு. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, சோழவரம், செங்குன்றம் எல்லாவற்றிலும் மழைமானி உண்டு. ஆனால் மாநிலப் பரப்பு 1,30,000 சதுர கி.மீ. 1,400-ஆல் வகுத்தால் புதிய மழைமானி ஒன்றின் பங்குக்கு 90 சதுர கி.மீ.க்கு மேல் வருகிறது. ஐப்பசியில் கடலிலிருந்து விடியற்காலையில் கரையேறி, அரை மணி நேரம் கொட்டிவிட்டுப் போகும் ஒரு மழைமேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். அது இரண்டு மானிகளுக்கு இடையே புகுந்து போய்விடலாம். தானியங்கிக் கருவியும் மேலே சொன்ன அதே தூசுக்கும் துருவுக்கும் உட்பட்டதுதான். பக்கத்தில் ஒரு வீட்டுக் கணக்கு இருந்தால்தான் அது பழுதானது என்பதே தெரியவரும். அரசின் கருவியும் வீட்டுக் கருவியும் பங்காளிகள் இல்லை, ஒன்றுக்கொன்று தணிக்கையாளர்கள்.

வதந்தி பரவும் என்ற அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. புயல் என்றால் போதும், ஆளுக்கொரு வரைபடத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் இங்கே இரண்டு தொழில்களைக் குழப்பிக்கொள்கிறோம். நாளைக்கு என்ன நடக்கும் என்று சொல்வது முன்னறிவிப்பு; அதில் தவறு நேரும், பீதி கிளம்பும், பொறுப்பு வேண்டும். நேற்று 8.30-லிருந்து இன்று 8.30 வரை என்ன விழுந்தது என்று எழுதுவது பதிவு. அதில் பீதிக்கு இடமே இல்லை. சொல்லப்போனால் வதந்திக்கு மருந்தே அதுதான். "அத்திப்பட்டில் 40 சென்டிமீட்டர் கொட்டிவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் ஓடும்போது, "என் குழாயில் 11 நிற்கிறது" என்று சொல்ல ஊரில் ஒருவர் வேண்டும்.

இதுவரை சொன்னவை அறிவியல் பற்றி. காட்டுப்பள்ளியில் இது உரிமை பற்றியதும்கூட.

இந்தப் பகுதியில் வானிலையை அளப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள்; பெரும்பாலோர் மதிலுக்கு உள்ளே இருக்கிறார்கள். துறைமுகத்துப் பெரிய பளுதூக்கிகளில் காற்றுமானி இருக்கும். காற்று வரம்பைத் தாண்டினால் வேலை நிற்கும். நச்சு வாயு கையாளும் ஆலைகளின் உச்சியில் காற்றுப்பை பறக்கும். கசிவு நேர்ந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று உள்ளே இருப்பவருக்குக் காட்டுவதற்காக. இதை யாரும் பொழுதுபோக்கு என்று சொல்வதில்லை. மதிலுக்கு வெளியே ஒருவர் அதையே வைத்தால் மட்டும் அது விளையாட்டாகிவிடுகிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறி மக்கள் இருட்டில் வீட்டைவிட்டு ஓடினார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்குத் தேவைப்பட்ட முதல் தகவல் காற்று எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் வீசுகிறது என்பது. காற்றுக்குக் குறுக்கே விலக வேண்டும். காற்றோடு போனால் வாயு கூடவே வரும். ஒவ்வொரு குப்பத்திலும் பள்ளிக்கூட மாடியில் ஒரு காற்றுப்பை, விளக்கோடு, இருந்தால் அதைப் பார்க்கப் படிப்புகூட வேண்டாம்.

கசிவு என்றோ ஒருநாள் நடப்பது. புகை தினமும் வருகிறது. இரவில் நிலக்காற்று புகையைக் கடலுக்குத் தள்ளும். பகலில் கடற்காற்று எழுந்தால் அதே புகை மீஞ்சூர்ப் பக்கம் திரும்பும். கடல்மேல் இருக்கும் காற்று கீழே குளிர்ந்து அடங்கிக் கிடப்பதால், உயரமான புகைபோக்கியிலிருந்து வரும் புகை மேலேயே நாடாவாக மிதந்து உள்ளே வரும். சூடான தரையிலிருந்து கிளம்பும் காற்றுக் கொந்தளிப்பு ஓரிடத்தில் அந்த நாடாவைத் தொட்டதும் புகை மொத்தமும் கீழே இறங்கும். அதனால்தான் புகைபோக்கிக்கு அடியில் இருப்பவரைவிடச் சில கிலோமீட்டர் உள்ளே இருப்பவர் அதிகம் இருமலாம். எந்த ஊரில், எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு என்பது காற்றுத் திசையையும் நேரத்தையும் குறித்த நோட்டுப் புத்தகம் இல்லாமல் தெரியாது.

அந்த நோட்டு இல்லாதவரின் நிலை கருத்துக்கேட்புக் கூட்டத்தில் வெளிப்படும். 2018-இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்த காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,111 ஏக்கருக்கு விரிக்கும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. 2023 செப்டம்பர் 5-இல் நடக்கவிருந்த கருத்துக்கேட்பு ஒத்திவைக்கப்பட்டது. அந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்பது இந்தக் கட்டுரையின் வழக்கு அல்ல. என் வழக்கு வேறு. பொதுவாக ஒரு சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைக்குக் களத்தில் ஒரு பருவத்துக்கு அளந்தால் போதும் என்பது நடைமுறை. அதுவும் மழைக்காலம் நீங்கலான பருவம். மீதிக்கு அருகிலுள்ள அரசு நிலையத்தின் பல்லாண்டுச் சராசரி. வெள்ளம் சூழும் திட்டு ஒன்றின் குணத்தை, வெள்ளம் வராத மாதங்களைக் கொண்டு எழுதலாம் என்று விதியே சொல்கிறது. அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு நிபுணர் ஒருவர் மேடையில் நிற்கும்போது, கீழே இருந்து ஒரு மீனவர் எழுந்து, "கார்த்திகையில காத்து இப்படி அடிக்காதுங்க" என்றால் அது 'கருத்து' என்று பதிவாகும். அதே ஆள் பத்து ஆண்டு நோட்டை நீட்டினால் அது தரவு. இந்தக் கடற்கரையில் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லிப் பிரித்தறிகிறவர்களுக்கு அறிவில் குறைவில்லை. பொன்னேரிப் பக்கத்து விவசாயிக்கும் 'ஓர் உழவு மழை' எவ்வளவென்று தெரியும். குறைவாக இருப்பது தேதி போட்ட எழுத்து.

அதனால் கேட்க வேண்டியவை சில உண்டு. மீஞ்சூர் ஒன்றியத்தின் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் ஒரு சாதாரண மழைக் குழாய், ஓர் ஈரப்பதமானி, ஓர் அழுத்தமானி, ஒரு காற்றுப்பை, அதோடு 8.30 மணிக்கு எழுதும் பொறுப்பு. கருவியின் இடம், உயரம், சுற்றியுள்ள மரம், சுவர் எல்லாவற்றையும் முதல் பக்கத்தில் குறித்த பதிவேடு; துளை அடைத்த நாளில் 'அடைத்திருந்தது' என்று எழுதும் நேர்மை. ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் கருவிகளைத் தன் கருவியோடு ஒப்பிட்டுத் திருத்தம் சொல்லித்தரும் கடமை நுங்கம்பாக்கத்து மண்டல வானிலை ஆய்வு மையத்துக்கு. இந்தப் பகுதியில் வானிலையை அளக்கும் ஒவ்வொரு நிறுவனமும் காற்று, மழை, வெப்பக் கணக்கை நாள்தோறும் பொதுவெளியில் வைக்க வேண்டும் என்ற நிபந்தனை, அனுமதிப் பத்திரத்திலேயே.

இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை, புதிய தொழில்நுட்பமும் இல்லை. இருந்தும் நடக்காததற்குக் காரணம், சாதாரண மக்கள் அளந்தால் அது செல்லாது என்று நாமே ஒப்புக்கொண்டுவிட்டதுதான். அரசு முத்திரை ஓர் எண்ணைச் சரியாக்குவதில்லை. எங்கே, எப்படி, எத்தனை நாள் விடாமல் அளந்தது என்பதே சரியாக்குகிறது. அந்த மூன்றுக்கும் பதில் வைத்திருக்கும் ஒரு வீட்டுப் பதிவேட்டை 'அங்கீகரிக்கப்படாதது' என்று ஒதுக்குகிறவர், அதைவிட நல்ல காட்டுப்பள்ளிக் கணக்கு ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசட்டும்.